இறந்தகாலத்தில் ஒரு சாட்சி: ஆண்கள் ரிட்ரீட் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு மதியம் முடிந்த ரிட்ரீட், அதாவது ஆவிக்குரிய முகாம், அது. 26 ஆண்கள் வந்திருந்தார்கள், 4 குழுக்களாகப் பிரித்திருந்தோம். நடத்தியவர்கள் மூன்று பேர், அதில் நானும் ஒருவன். மூவரில் யாரும் மனநல மருத்துவம் படித்தவர்கள் இல்லை. வேதாகமத்தை வாசிப்பவர்கள், கூட்டம் நடத்திப் பழகியவர்கள், அவ்வளவுதான். பின்னால் வரப்போகிற தவறுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த எழுத்து அங்கு வந்த ஒருவரைப் பற்றியது. சனி இரவு அவர் ஒன்று சொன்னார். ஞாயிறு காலை நாங்கள் அதைக் கெடுத்தோம். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். வயது, வேலை, குடும்ப விவரங்களை மாற்றியிருக்கிறேன். முதல் வரைவை வாசித்துவிட்டு இரண்டு வரிகளை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன்.

அவர் யார்

மூப்பர் என்றே அழைக்கிறேன். ஐம்பதைத் தாண்டியவர். எங்கள் சபையில் ஜெபம் என்றால் அவர்தான். வியாதிப்பட்டவர் வீட்டுக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள், கூட்டம் தொய்ந்தால் போதகர் அவர் பக்கம்தான் திரும்பிப் பார்ப்பார். வார்த்தைகள் தடையில்லாமல் வரும். சங்கீதமும் ஏசாயாவும் வாக்கியத்துக்குள் தாமாக வந்து உட்காரும். அவர் ஜெபித்து முடிக்கும்போது கூட்டம் ஆமென் சொல்வதில் ஒரு நிறைவு இருக்கும்.

ரிட்ரீட்டுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் அவருடைய தம்பி நோயில் விழுந்தார். ‘நான் சாவாமல், பிழைத்திருந்து, கர்த்தருடைய செய்கைகளை விவரிப்பேன்’ என்ற 118ஆம் சங்கீதத்தின் வசனத்தைப் பிடித்துக்கொண்டு மூப்பர் சபை நடுவில் ஜெபித்தார். என் தம்பி பிழைப்பான் என்று அறிவிக்கவும் செய்தார். பதினோராம் நாள் தம்பி இறந்துபோனார். அடக்க ஆராதனையில் ஆறுதல் ஜெபம் செய்ததும் மூப்பர்தான். அவரைத் தவிர வேறு யாரையும் கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. இதை இப்போது எழுதும்போது கூசுகிறது. அன்று யாருக்கும் கூசவில்லை.

வெள்ளி இரவு

முதல் அமர்வு எதிர்பார்த்தபடிதான் போனது. ‘தேவ கிருபையால் நன்றாக இருக்கிறோம்’ என்று எல்லாரும் தொடங்கினார்கள். அறிமுகம் முடிந்து, இப்போது எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டபோது ஜெபக்குறிப்புகள் வந்தன. வேலை மாற்றம், மகளின் தேர்வு, தாயாரின் முழங்கால். ஜெபக்குறிப்பு நல்ல விஷயம்தான். ஆனால் ஆண்கள் ஒளிந்துகொள்ள அதைவிட வசதியான இடம் கிடையாது. கேட்கிறவரின் கவனம் பேசுகிறவரை விட்டுவிட்டு அந்த முழங்காலுக்குப் போய்விடும்.

இன்னொரு மறைவிடம் ‘நாம்’. கேட்கிறவரையும் சேர்த்துக்கொள்ளும் பன்மை தமிழில் தனியாகவே இருக்கிறது. ‘நாம எல்லாரும் பலவீனர்தானே’, ‘நாம கோபப்படக் கூடாது, ஆனா பட்டுடறோம்’. இதைச் சொன்னவர் தன் கோபத்தை ஏழு பேருக்குப் பங்கு வைத்துவிட்டு நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார். நான் கவனித்த வரையில் அன்றிரவு எங்கள் வட்டத்தில் ‘நான்’ என்ற சொல் வந்தது சாட்சி, அதாவது கர்த்தர் தன் வாழ்வில் செய்ததை, சொல்லும்போது மட்டும்தான். அதுவும் இறந்தகாலத்தில். நான் குடித்துக்கொண்டிருந்தேன். நான் கடனில் இருந்தேன். கர்த்தர் தூக்கியெடுத்தார்.

சாட்சியைக் குறை சொல்லவில்லை. சபையை எழுப்பி நிறுத்தியதே அதுதான். ஆனால் அதற்கு ஒரு வடிவம் உண்டு: கீழே விழுந்த கதை, திரும்பிய நாள், இப்போதைய நன்றி. இன்னும் விழுந்து கிடக்கிறவனுக்கு அந்த வடிவத்தில் இடமில்லை. தன் முறை வந்தபோது மூப்பர் இருபது வருடத்துக்கு முந்திய ஒன்றைச் சொன்னார். அழகாகவே சொன்னார்.

சனிக்கிழமை

பகலில் இரண்டு வேலைகள் செய்தோம். ஒன்று, தனிமை. ஆளுக்கொரு நோட்டு, பேனா, இரண்டு மணி நேரம். யாருக்கும் காட்ட வேண்டாம், கிழித்தும் போடலாம் என்றோம். 1986இல் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் வெளியிட்ட உளவியல் ஆய்வு ஒன்று எனக்குத் தெரியும். தங்களைப் பாதித்த அனுபவத்தை மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். எழுதி முடித்தவுடன் அவர்கள் மனம் இன்னும் கனத்தது. ஆனால் பின்வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போனது குறைந்தது. அதற்குப் பின் வந்த ஆய்வுகள் இந்தப் பலனை அவ்வளவு பெரிதாகக் காட்டவில்லை. நான் எடுத்துக்கொண்டது அந்த முதல் பாதியை மட்டும்: எழுதியவுடன் லேசாகிவிடாது, கனக்கும். இதை முன்கூட்டியே அவர்களிடம் சொல்லி வைத்தேன்.

இரண்டாவது, மாலை அமர்வின் விதிகள். இவற்றை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. 1738 டிசம்பரில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி சிறு குழுக்களுக்கு எழுதிய விதிகளில் இருந்து எடுத்தோம். அந்தக் குழுக்கள் வாரத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். ஒருவர் முதலில் தன் நிலையைச் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களைக் கேட்க வேண்டும். அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி: கடந்த முறை கூடியதற்குப் பின் நீ அறிந்து செய்த பாவம் என்ன? ‘கடந்த முறைக்குப் பின்’ என்பதைக் கவனியுங்கள். இருபது வருடத்துக் கதையை எடுத்துவர அந்தக் கேள்வி இடம் தரவில்லை. ஒரு வாரத்துக்குள் சாட்சி பழுக்காது.

முதலில் பேசும் முறை என்னுடையது. என் மகனை அந்த வாரம் அவன் நண்பர்கள் முன்னால் அவமானப்படுத்தினேன் என்றும், இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை என்றும், கேட்பேனா என்று தெரியவில்லை என்றும் சொன்னேன். சின்ன விஷயம்தான். ஆனால் முடிவில்லாமல் ஒரு வாக்கியத்தை நிறுத்துவது எவ்வளவு கடினம் என்று அப்போதுதான் தெரிந்தது. ‘கர்த்தர் உதவி செய்வார்’ என்ற வால் நாக்கின் நுனி வரை வந்துவிட்டது.

இரண்டு பேர் பேசினார்கள். ஒருவர் பேசாமல் தன் முறையை விட்டுவிட்டார், அதற்கும் விதியில் அனுமதி இருந்தது. பிறகு மூப்பர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“நான் ஜெபிக்கிறதில்ல. மூணு வருஷமா. கூட்டத்துல பண்றது வேற. தனியா இல்ல. முழங்கால் போடறேன், வாயத் திறக்க முடியல. அவர்கிட்ட எனக்குப் பேச ஒண்ணுமில்ல. கோபமான்னு கேட்டா அதுவும் தெரியல.”

அங்கேயே நிறுத்திவிட்டார். வால் இல்லை.

அடுத்து நடந்தது எல்லாரும் யூகிக்கக்கூடியதுதான். பக்கத்தில் இருந்தவர் அன்பு மிகுதியால் ரோமர் 8:28ஐ எடுத்தார். சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது. ‘வசனம் வேண்டாம், ஆலோசனை வேண்டாம்’ என்பதும் விதிகளில் ஒன்று. நான்தான் குறுக்கிட வேண்டும், வாய் வரவில்லை. மூப்பர் தலையை ஆட்டினார், நன்றி பிரதர் என்றார். அவர் முகம் மூடிக்கொள்வதை நேராகவே பார்த்தேன். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாதிருந்தார்கள் என்று யோபு 2:13 சொல்கிறது. அந்த ஏழு நாளுக்காக அவர்களை யாரும் பாராட்டுவதில்லை.

கதவை மறுபடி திறந்தது எங்கள் குழுவில் இளையவன். “எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலண்ணே. நீங்க ஜெபிக்கிறதக் கேட்டுக் கேட்டு, நமக்கு இப்படி வரலையேன்னு நான் ஜெபிக்கிறதையே விட்டுட்டேன்” என்றான். மூப்பர் நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாத ஒரு சத்தம் வந்தது. அதன் பிறகு வெகுநேரம் யாரும் பேசவில்லை, யாரும் எழுந்தும் போகவில்லை.

கைதாவதற்கு முன் கெத்செமனே தோட்டத்தில் இயேசு பேதுருவையும் செபெதேயுவின் குமாரர் இருவரையும் கூட்டிக்கொண்டு போய், தம் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது என்று வெளிப்படையாகவே சொல்கிறார். பிறகு அவர்களிடம் அவர் கேட்டது ‘இங்கே தங்கி, என்னோடேகூட விழித்திருங்கள்’ என்பதுதான். ஆலோசனை கேட்கவில்லை. அவர்கள் அதையும் செய்யவில்லை, தூங்கிவிட்டார்கள். அன்றிரவு எங்கள் குழு தூங்காமல் இருந்தது. நாங்கள் சரியாகச் செய்த ஒரே காரியம் என்று அதைச் சொல்வேன்.

அமர்வு முடிந்து பாத்திரம் கழுவும் முறை எங்கள் குழுவுக்கு. மூப்பரும் அந்த இளையவனும் தொட்டி அருகே பக்கவாட்டில் நின்றுகொண்டு அரை மணி நேரத்துக்கு மேல் பேசினார்கள். நான் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன், முழுவதும் காதில் விழவில்லை. தம்பியின் பெயர் மட்டும் பலமுறை விழுந்தது. வட்டத்தில் உட்கார்ந்தபோது அந்தப் பெயரை அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. முகத்துக்கு முகம் பார்த்தபடி வராத பேச்சு, கைக்கு ஒரு வேலையும் கண்ணுக்கு ஒரு சுவரும் கிடைத்தால் வந்துவிடுகிறது. ரிட்ரீட் திட்டமிடுகிறவர்கள் அமர்வுகளுக்கு மணிக்கணக்கு போடுகிறார்கள். பாத்திரத்துக்கு ஒதுக்குவதில்லை.

ஞாயிறு காலை: தவறு

காலை ஏழு மணிக்கு நடத்துநர்கள் மூவரும் கூடினோம். இரவு நடந்ததை நான் பெயர் சொல்லாமல் குறிப்பிட்டேன். மற்ற இருவருக்கும் யார் என்று புரிந்துவிட்டது. நிறைவு ஆராதனையில் அவர் பகிர்ந்தால் எத்தனை பேர் திறப்பார்கள் என்று ஒருவர் சொன்னார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அவரைக் கேட்டவன் நானே.

அவர் சற்று யோசித்துவிட்டு, “உபயோகமா இருக்கும்னா சொல்றேன் பிரதர்” என்றார். ஒரு மூப்பரிடம், அதுவும் இருபது வருடமாக எதற்கும் மறுப்புச் சொல்லாதவரிடம், ‘உங்களால் முடியுமா’ என்று கேட்பது கேள்வியே கிடையாது. அன்று எனக்கு அது தெரியவில்லை.

26 பேர் முன்னால் நின்றார். குரல் கூட்டத்துக்குப் பழகிய குரலாக மாறியது. மூன்று வருடம் ஜெபிக்க முடியாமல் இருந்தேன் என்றார். இருந்தேன். நேற்று இரவு சகோதரர்கள் நடுவில் கர்த்தர் என்னைத் தொட்டார், கட்டு அறுந்தது, இன்று அதிகாலை ஜெபித்தேன் என்றார். அழுதார்கள், கட்டிப்பிடித்தார்கள், பாடினோம். ரிட்ரீட் வெற்றி என்று எல்லாரும் பேசிக்கொண்டே கலைந்தோம்.

மூன்று வாரம் கழித்து என்னை அழைத்தார். “அன்னிக்குக் காலையில நான் ஜெபிக்கல. அந்த இடத்துல நின்னதும் தானா வந்துடுச்சு. இப்ப எல்லாரும் விடுதலைக்காக ஸ்தோத்திரம் சொல்றாங்க. முன்னாடி ஒண்ணு மறைச்சேன். இப்ப ரெண்டு.”

இரண்டு நாள் எடுத்து ஒருவர் இறக்கி வைத்ததை நாங்கள் பத்தே நிமிடத்தில் திரும்பத் தூக்கி அவர் தலையில் வைத்திருந்தோம். முன்பைவிடப் பாரமாக.

ஏன் அப்படி நடந்தது

அவர் பொய் சொல்ல விரும்பியவர் இல்லை. மேடை என்கிற இடம் அந்த வடிவத்தைக் கேட்கிறது. முடிவு சொல்லாமல் இறங்கினால் கூட்டம் அந்தரத்தில் நிற்கும், அதைத் தாங்கும் பழக்கம் எங்களுக்கு இல்லை. வேதாகமத்துக்கு இருக்கிறது. 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். அவற்றில் பெரும்பாலானவை கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும். 88ஆம் சங்கீதம் திரும்பாது. எபிரேய மூலத்தில் அதன் கடைசிச் சொல் இருள். அதையும் தேவாலயத்தில் பாட வைத்திருந்தார்கள், பாடகனின் பெயர் தலைப்பிலேயே இருக்கிறது: எஸ்ராகியனாகிய ஏமான். எங்கள் சபையில் நான் பார்த்தவரை யாரும் அதில் செய்தி கொடுத்ததில்லை.

இரண்டாவது காரணம் எண்ணிக்கை. யாக்கோபு 5:16 உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறது. மேடையில் என்று சொல்லவில்லை. ஜெர்மன் போதகர் டீட்ரிச் போன்ஹோஃபர் 1935 முதல் 1937 வரை ஃபின்கன்வால்டேயில் நடத்திய குருமடத்தில், தனியாக ஒரு சகோதரனிடம் அறிக்கையிடும் பழக்கத்தைக் கொண்டுவந்தார். மதுவை விட முயல்கிறவர்களுக்காக 1935இல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தின் ஐந்தாம் படியும், தவறுகளை ஒப்புக்கொள்வதை, கடவுளிடம், தன்னிடம், இன்னொரு மனிதரிடம் என்று ஒருமையில்தான் சொல்கிறது. மூப்பருக்கு அந்த ஒரு மனிதர் சனி இரவே கிடைத்துவிட்டார், பாத்திரத் தொட்டி அருகே. நாங்கள்தான் 26ஆகப் பெருக்கினோம்.

மூன்றாவதும் இருக்கிறது, அதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அந்தச் சாட்சி எங்களுக்குத் தேவைப்பட்டது. ரிட்ரீட் பலன் கொடுத்தது என்று காட்ட.

உளவியல் துறையிலும் இப்படி ஒரு சறுக்கல் நடந்திருக்கிறது. பேரிடர், விபத்து முடிந்த கையோடு ஒரே அமர்வில் உள்ளத்தைக் கொட்ட வைக்கும் ‘டீப்ரீஃபிங்’ முறை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. அது பிற்கால மன அதிர்ச்சி நோயைத் தடுக்கவில்லை என்று ஆய்வுத் தொகுப்புகள் காட்டின. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி யாரையும் பேசும்படி வற்புறுத்தக் கூடாது என்கிறது. பேச விரும்பினால் கேளுங்கள், கூட இருங்கள். எங்களுடைய விதிகளைவிட அது கெத்செமனேக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அதற்குப் பிறகு

மூப்பர் போதகரிடம் போய் ஞாயிறு நடந்ததைச் சொன்னார். ஆறு மாதம் பொது ஜெபத்திலிருந்து விலக அனுமதி கேட்டார். போதகர் கொடுத்தார், காரணத்தை யாருக்கும் விளக்கவில்லை. முணுமுணுப்பு எழுந்தது. அதில் பாதி அக்கறை, பாதி வம்பு. வழக்கமான விகிதம்தான்.

மனைவியிடம் சொன்னது ரிட்ரீட் முடிந்த நான்காம் நாள். ஏழு ஆண்களுக்கும் பிறகு 26 பேருக்கும் தெரிந்த ஒன்றை மனைவிக்குக் கடைசியாகச் சொல்கிறோமே என்ற கூச்சத்தோடு போயிருக்கிறார். அவர் மனைவி, “எனக்குத் தெரியும். நீங்க முழங்கால்லேர்ந்து எழுந்திரிக்கிற நேரத்தைப் பார்த்தாலே தெரியும்” என்றாராம். மூன்று வருடமும் ஏன் கேட்கவில்லை என்று இவர் கேட்டதற்கு வந்த பதில், நான் நீக்கிய இரண்டு வரிகளில் ஒன்று.

எங்கள் ரிட்ரீட் முறையில் சில மாற்றங்கள் செய்தோம். நிறைவு ஆராதனையில் சாட்சி கிடையாது. விடைபெறும் பாட்டுக்கு முன் 20 நிமிட மௌனம், அவ்வளவே. சிறு குழுவில் கேட்டதை ஜெபக்குறிப்பாகக்கூட வெளியே கொண்டுபோகக் கூடாது. குழந்தைக்கு ஆபத்து, தற்கொலை எண்ணம் இவை இரண்டும் விதிவிலக்கு, அவற்றை மறைத்து வைக்க மாட்டோம் என்று தொடக்கத்திலேயே அறிவிக்கிறோம். பல நாடுகளில் ஆண்களின் தற்கொலை விகிதம் பெண்களுடையதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ‘ஜெபிக்கலாம்’ என்று மட்டும் சொல்லி ஒருவரை அனுப்பும் உரிமை எங்களுக்கு இல்லை. இப்போது ஒரு மனநல ஆலோசகர் எங்களோடு வருகிறார். மேடை ஏறமாட்டார். நடைபாதையில் இருப்பார்.

இன்னொரு மாற்றம் மூன்று பேர் குழு. ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் 1940களில் முளைத்த குர்சியோ என்ற கத்தோலிக்க முகாம் இயக்கத்தில் ‘நான்காம் நாள்’ என்றொரு சொல் உண்டு. மூன்று நாள் முகாம் முடிந்து வீடு திரும்பிய பின் மிச்சமிருக்கும் வாழ்நாள் முழுவதற்கும் அதுதான் பெயர். அதற்காகவே வாராவாரம் சிறு குழுவாகக் கூடுவார்கள். நாங்கள் மூன்று நாளைத் திட்டமிட்டோம், நான்காம் நாளைத் திட்டமிடவில்லை.

மூப்பர், அந்த இளையவன், நான். பதினான்கு மாதமாகக் கூடுகிறோம். சில வாரம் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும், ஒன்றும் இருக்காது. அவன் இப்போது ஜெபிக்கிறான், தட்டுத்தடுமாறி. என் மகனிடம் நான் மன்னிப்புக் கேட்டது மூன்றாம் மாதத்தில். அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டான். அதையும் அப்படியே வந்து சொன்னேன்.

போன வாரம் மூப்பரின் முறை. “செவ்வாய்க்கிழமை காரை நிறுத்திட்டு இறங்காம உட்கார்ந்திருந்தேன். தம்பி பேரைச் சொல்லி, ஏன்னு ஒரு தடவை கேட்டேன். சத்தமா. அவ்வளவுதான். இதை ஜெபம்னு கணக்குல எழுதலாமான்னு தெரியல.”

இளையவன் சொன்னான்: “எழுதாதீங்கண்ணே. இருக்கட்டும்.”